பேச்சை விட்டுப் போன பிரெஞ்சு வினை

(தருமபுரியில் மொழியாசிரியர்களும் மேல்நிலை மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பிரெஞ்சு வினை அட்டவணையைப் புரட்டிப் பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். ஒரு வினைக்கு ஒரு முழுப் பக்கம். நிகழ்காலம், எதிர்காலம் என்று மேலிருந்து இறங்கி வந்தால், ஒரு மூலையில் ‘ஏம்பர்ஃபே த்யூ சுப்ஜோன்க்திஃப்’ என்ற தலைப்பின் கீழ் ஆறு வடிவங்கள் இருக்கும். அந்த மூலைக்கு வந்ததும் “இது தேர்வுக்கு வராது” என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். “பிரெஞ்சுக்காரர்களே இதைப் பேசுவதில்லை” என்றும் சொல்லியிருப்பார். இரண்டும் உண்மைதான். அந்த ஆறு வடிவங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவற்றை விட்டுவிட்டாலும் பிரெஞ்சில் பேசலாம், கடிதம் எழுதலாம், வேலைக்குப் போகலாம். ஆனால் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ எழுதிய ஒரு நல்ல புத்தகத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்க முடியாது. என் கவலை வாசிப்பைப் பற்றியது.

நம் பக்கத்துப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் மொழிப்பாடமாகப் பிரெஞ்சை எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அதற்குப் பிறகு சிலர் மாறுகிறார்கள். மதிப்பெண்ணுக்காக எடுக்கிறார்கள் என்று அவர்களைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மானாவாரி நிலத்தை நம்பி வாழும் ஒரு வீட்டின் பிள்ளைக்கு மதிப்பெண் எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஆண்டு முழுக்க ஒரு மொழியோடு இருந்துவிட்டு, அந்த மொழியில் ஒரு கதையைக்கூட முழுதாக வாசிக்காமல் பிள்ளை வெளியேறுகிறது என்றால் அது நாம் செய்த குறை, பிள்ளை செய்த குறை இல்லை.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன்.

நடந்ததை நடந்தது என்று சொல்ல ஒரு வினைப் போக்கு இருக்கிறது. நடக்க வேண்டும், நடந்துவிடுமோ, நடப்பதற்கு முன், நடக்கும்படி என்று மனத்தின் விருப்பம், அச்சம், நோக்கம் ஆகியவற்றின் கீழ் வரும் செயலுக்குப் பிரெஞ்சில் தனிப் போக்கு. அதுதான் சுப்ஜோன்க்திஃப். தமிழில் இதற்கு மிக அருகில் இருப்பது வியங்கோள். ‘வீவ்’ என்று பிரெஞ்சுக்காரர் கூவுவது சுப்ஜோன்க்திஃப். ‘வாழ்க’ என்று நாம் வாழ்த்துவது வியங்கோள். நம்முடையது மூன்று இடத்துக்கும் ஐந்து பாலுக்கும் ஒரே வடிவமாக நிற்கும்: நான் வாழ்க, நீ வாழ்க, அவர் வாழ்க. பிரெஞ்சில் ஆளுக்கொரு வடிவம். நம் வியங்கோளுக்குக் காலம் கிடையாது. பிரெஞ்சு வடிவத்துக்குக் காலம் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறும் இடம் இந்தக் காலம்தான்.

ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம். ‘மகன் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று அம்மா விரும்பினாள்.’ விரும்பினாள் என்பது இறந்தகாலம். ‘வர’ என்பதற்கு எந்தக் காலமும் இல்லை. அம்மா இன்று விரும்பினாலும் நேற்று விரும்பினாலும் அந்த ‘வர’ அசையாது. ‘என்று’ என்ற சொல் அம்மாவின் மனத்தில் இருந்ததை இருந்தபடியே கொண்டு வந்து வைத்துவிடுகிறது. பழைய பிரெஞ்சு இதை ஏற்காது. ‘லா மேர் வூலே’, அம்மா விரும்பினாள், என்று இறந்தகாலத்தில் தொடங்கினால் அடுத்து வரும் செயலும் இறந்தகால உடையில்தான் வர வேண்டும்: ‘க சோன் ஃபீஸ் ராந்த்ரா’. மகன் வந்தானா இல்லையா என்பது இன்னும் தெரியாது. வினை மட்டும் இறந்தகாலத்துக்குப் போய்விட்டது. கதை சொல்பவர் நிற்கும் காலத்துக்கு எல்லா வினைகளையும் இழுத்து நிறுத்தும் ஒழுங்கு அது. பதினேழாம் நூற்றாண்டு முதல் பிரெஞ்சு உரைநடையின் அழகுகளில் ஒன்றாக அதைப் போற்றினார்கள்.

இன்று பாரிஸில் ஒரு அம்மா இதைச் சொன்னால் ‘ராந்த்ர்’ என்பார், நிகழ்கால வடிவம். அதாவது முதல் வினை எந்தக் காலத்தில் இருந்தாலும் இரண்டாவது அசையாமல் நிற்கும். நம் ‘வர’ போலவே! பேச்சுப் பிரெஞ்சு தமிழ் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னால் மிகை இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் இயல்பாக நிகழ்கால வடிவத்தை எழுதினால் இன்றைய பிரெஞ்சில் அது பிழையே இல்லை.

வடிவத்தைக் கட்டும் முறை பயமுறுத்துவது போலத் தெரியும். உண்மையில் பிரெஞ்சு வினைகளிலேயே விதி விலக்கு இல்லாத இடம் இதுதான். ‘பாஸே சேம்ப்ள்’ என்ற எழுத்துநடை இறந்தகாலம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒன்றே நிபந்தனை. அதில் முன்னிலை ஒருமையை எடுத்துக்கொள்ளுங்கள். பேசு என்ற வினைக்குப் ‘பர்லா’, முடி என்பதற்கு ‘ஃபினி’, இரு என்பதற்கு ‘ஃப்யூ’, வா என்பதற்கு ‘வேன்’. அதன்மேல் ஈற்றைச் சேர்த்தால் போதும். பர்லாஸ், பர்லாஸ், பர்லா, பர்லாசியோன், பர்லாசியே, பர்லாஸ். மற்றவையும் இதே ஓட்டம்தான்: ஃபினீஸ், ஃப்யூஸ், வேன்ஸ். எவ்வளவு முரண்டு பிடிக்கும் வினையும் இங்கே அடங்கிவிடும்.

ஆறில் மூன்றாவது, படர்க்கை ஒருமை, மட்டும் தனியாக நிற்கிறது. மற்ற ஐந்திலும் ‘ஸ்’ ஒலி கேட்கிறது, இதில் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக உயிரெழுத்தின் தலையில் கூரை போன்ற ஒரு குறி இருக்கிறது. பிறகு ஒலிக்காத ஒரு ‘த்’. இடைக்காலப் பிரெஞ்சில் அங்கேயும் ஒரு ‘ஸ்’ எழுதினார்கள். அது ஒலியில் தேய்ந்து போய்ப் பல நூற்றாண்டுகள் எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1740இல் வந்த பிரெஞ்சு அக்காதெமி அகராதியின் மூன்றாம் பதிப்பு அப்படிப்பட்ட ‘ஸ்’களைப் பெருமளவில் நீக்கிவிட்டு அந்த இடத்தில் கூரைக்குறியை வைத்தது. இரு என்ற வினையில் குறியை எடுத்துவிட்டால் ‘இருந்தான்’ என்ற சாதாரண இறந்தகாலம்; குறி இருந்தால் ‘இருக்க வேண்டும் என்று’ என்ற சார்பு வினை. இரண்டும் ஒலிப்பில் ஒன்றே: ஃப்யூ. உதட்டை ‘உ’வுக்குக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்லிப் பாருங்கள், அந்த ஒலி வரும். கண்ணுக்கு மட்டும் தெரியும் இந்த வேறுபாட்டை 1990இன் எழுத்துச் சீர்திருத்தமும் தொடவில்லை. பல சொற்களில் கூரைக்குறியை விருப்பத்துக்கு விட்ட அந்தச் சீர்திருத்தம், இந்த வினையீறுகளில் மட்டும் அது இருந்தே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டது.

பேச்சிலிருந்து இது ஏன் போயிற்று? முதல் காரணம், அடிமரமே சாய்ந்துவிட்டது. பாஸே சேம்ப்ள் பேச்சை விட்டுப் போனதும் அதிலிருந்து பிறக்கும் வடிவத்துக்கு வாயில் இடம் இல்லாமல் போயிற்று. தன்மைப் பன்மை, முன்னிலைப் பன்மை வடிவங்களின் இழுவையான ஓசையும் சேர்ந்துகொண்டது. 1905இல் மறைந்த நகைச்சுவை எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் அல்லே அந்த ஓசைகளை அடுக்கியே ஒரு காதல் புலம்பல் எழுதிப் பிரான்ஸைச் சிரிக்க வைத்தார். ஆனால் ஒரு வடிவத்தைக் கேட்டுச் சிரிக்க வேண்டுமென்றால் அதைத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைய வாசகர்களுக்குத் தெரிந்திருந்தது.

அரசும் மெல்ல இறங்கி வந்தது. 1901 பிப்ரவரி 26 அன்று கல்வி அமைச்சர் ழோர்ழ் லேய்க் வெளியிட்ட ஆணை, முதன்மை வினை நிபந்தனைப் போக்கில் இருக்கும்போது மாணவர் நிகழ்கால வடிவத்தை எழுதினால் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்றது. 1976 டிசம்பரில் வந்த ஆணை, முதன்மை வினை இறந்தகாலத்தில் இருந்தாலும் அப்படியே என்று விரித்தது. இலக்கியமும் வேறு வழியில் நடந்தது. ஆல்பெர் கம்யூ 1942இல் வெளியிட்ட நாவலைப் பேச்சு வழக்கின் இறந்தகாலத்திலேயே எழுதினார், வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் ‘அந்நியன்’ என்று நாம் வாசித்தது அதைத்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இலத்தீனிலிருந்து வந்த இதே வடிவம் அண்டை மொழிகளில் இன்றும் தெருவில் நடமாடுகிறது. இத்தாலியர் அதை அன்றாடம் பேசுகிறார்கள். போர்ச்சுக்கீசியரும் ஸ்பானியரும் காய்கறிக் கடையில் பேசுகிறார்கள். பிரெஞ்சுதான் அதை ஏட்டில் ஏற்றி வைத்துவிட்டது. நமக்கும் இப்படி நடந்திருக்கிறது. ‘உண்பான் வந்தான்’ என்றால் உண்பதற்காக வந்தான் என்று பொருள். நன்னூல் சொல்லும் வான், பான் ஈற்று வினையெச்சம். நம் பேச்சில் அது இல்லை. பாலக்காட்டுக்கு ரயிலேறிப் போங்கள். ‘காணான் வந்நு’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த ‘ஆன்’ நம் வான்தான். நமக்கு ஏட்டு வடிவம், மலையாளிக்கு வாய் வடிவம்.

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடு ஒன்பது சொன்னார்: செய்து, செய்யூ, செய்பு, செய்தென, செய்யியர், செய்யிய, செயின், செய, செயற்கு. நன்னூலார் பன்னிரண்டு சொன்னார். அவற்றில் இன்று நம் வாயில் எத்தனை? செய்து இருக்கிறது; செய என்பது செய்ய என்று இருக்கிறது; செயற்கு என்பது செய்வதற்கு என்று நீண்டிருக்கிறது. செய்யூவும் செய்பும் செய்யியரும் போய்விட்டன. போய்விட்டன என்று எந்தத் தமிழாசிரியராவது அவற்றை நடத்தாமல் விடுகிறாரா? “உண்ணூ வந்தான்” என்று இந்த அவையில் யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் சங்கப் பாட்டில் அந்த எச்சத்தைக் கண்டால் அடையாளம் கண்டு பொருள் சொல்லத் தெரிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் புறநானூறு நமக்கு மூடிய புத்தகம்.

இதைத் தகடூரில், அதாவது இந்தத் தருமபுரியில், நின்று சொல்கிறேன். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் இது. அவன் நெல்லிக்கனி கொடுத்ததை ஔவை பாடியது புறநானூற்றின் 91ஆம் பாட்டு. அவன் சாகாமல் நிலைக்க வேண்டும் என்று அவர் வாழ்த்துவது வியங்கோளில். அந்தப் பாட்டை உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சேற்றியபோது அதன் மொழியை யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் இருந்ததால் நமக்குப் பாட்டு கிடைத்தது. இந்த ஊர்ப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் சிதறிய பாடல்களே மிச்சம். ஒரு நூல் இருந்து அதை வாசிக்கத் தெரியாமல் போவதும், நூலே இல்லாமல் போவதும் வாசகனுக்கு ஒரே இழப்புதான். அதனால்தான் சொல்கிறேன்: பேச்சில் இல்லாத வினையை ஏட்டில் அடையாளம் காணும் பயிற்சி நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழாசிரியர் அதைக் கொடுத்துவிட்டார். பிரெஞ்சாசிரியர் அதன்மேல் நின்று கற்பித்தால் போதும்.

சரி, எதை வாசிப்பதற்கு? ஃப்ளோபேரும் ப்ரூஸ்தும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச வேறு மேடைகள் உண்டு. நம் மாவட்டத்தோடு ஒட்டியவற்றைச் சொல்கிறேன்.

இந்தப் பாராமகால் பகுதி ஹைதர் அலியின் கைக்கு வந்தது 1760 வாக்கில். புதுச்சேரியில் ஆங்கிலேயரிடம் சிக்கிக்கொண்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு உதவ ஹைதர் அனுப்பிய குதிரைப்படை இந்த வழியாகத்தான் இறங்கியது. ஹைதரிடம் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிய ஹைதர் வரலாறு 1783இல் அச்சானது. அதன் பிறகு ஆபே துய்புவா. 1792இல் இந்தியா வந்து, பெரும்பாலும் மைசூர்ப் பக்கத்தில் வாழ்ந்து, 1823இல் திரும்பிய பாதிரியார். தென்னிந்தியரின் பழக்கவழக்கங்கள், சடங்குகள் பற்றிய அவரது பெருநூல் முதலில் ஆங்கிலத்தில் வந்தது; 1825இல் பாரிஸில் பிரெஞ்சில் விரிந்த வடிவம் பெற்றது. அதில் பெரும்பகுதி முந்தைய யேசு சபைப் பாதிரியார் கேர்தூவின் எழுத்திலிருந்து எடுத்தது என்று ஆய்வாளர் சில்வியா முர் 1987இல் நிறுவினார். அந்த விவாதத்தில் ஒரு தமிழ் மாணவர் கலந்துகொள்ள வேண்டுமென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு போதாது, மூலம் வேண்டும். மூலத்தின் நடையோ பதினெட்டாம் நூற்றாண்டு நடை. அங்கே இந்த வினை வடிவத்தைத் தவிர்த்துவிட்டு நடக்க வழியில்லை.

இன்னும் நெருக்கமான ஒன்று. சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானபோது அதன் முதல் ஆயரான ஆன்றி ப்ருனியே பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். தருமபுரி அன்று அதற்குள் இருந்தது; தனி மறைமாவட்டம் ஆனது 1997இல். 1930க்கு முன்னும் இந்தப் பகுதிப் பங்குகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அதே சபையின் குருக்கள். மழை, பஞ்சம், கொள்ளைநோய், ஊர்ச் சண்டை, பள்ளி கட்டியது என்று பாரிஸுக்கு ஆண்டறிக்கையும் கடிதமும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் பிரெஞ்சில். அந்தக் காலத்துப் படித்த பிரெஞ்சுக்காரரின் எழுத்துநடையில். இந்த மாவட்டத்தின் நூறு, நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை எழுத வரும் தருமபுரிப் பெண்ணுக்கோ பையனுக்கோ அந்தத் தாள்கள் திறக்க வேண்டும். ஆங்கிலேயரின் பதிவுகளை மட்டும் வைத்து எழுதும் வரலாறு ஒரு கண்ணால் பார்த்த வரலாறாகவே இருக்கும்.

புதுச்சேரியைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும் வரை பிரெஞ்சும் அலுவல் மொழியாக நீடிக்கும் என்றது. அங்கே மிஷன் அச்சகத்தில் முஸே, துய்ப்புயி என்ற இரு பாதிரியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வந்தது. காரைக்காலில் வளர்ந்து பாரிஸில் தமிழ் கற்பித்த ழுலியேன் வேன்சோன் 1903இல் தமிழ்க் கையேடு எழுதினார். நம் இலக்கணத்தைப் பிரெஞ்சில் சொல்ல அவர்கள் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அவர்களுடைய இலக்கணத்தின் ஒரு மூலையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு ஒரு பாடவேளை போதும்.

அந்தப் பாடவேளையில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

செந்த்-எக்சுபெரி 1943இல் வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ எல்லாருக்கும் தெரிந்த புத்தகம். தமிழிலும் இருக்கிறது, எளிதாகக் கிடைக்கிறது. அதில் ஒரு அரசன் வருகிறான். தன் அதிகாரம் மதிக்கப்பட வேண்டும் என்பது அவன் பிடிவாதம். அதைச் சொல்லும் வாக்கியத்தில் கூரைக்குறியோடு ஒரு ‘ஃப்யூ’ உட்கார்ந்திருக்கிறது. குழந்தைகளும் வாசிக்கும் கதையில் ஆசிரியர் ஏன் அந்த வடிவத்தைப் போட்டார் என்று மாணவரைக் கேளுங்கள். பேசுவது அரசனைப் பற்றி. நடையும் அரியணை ஏறி நிற்கிறது. இதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு தமிழ் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து, அந்த வினை தமிழில் எந்த வடிவம் எடுத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து மோப்பசானின் சிறுகதை ஒன்று. நெக்லஸ் கதையை ஏற்கெனவே ஆங்கிலப் பாடத்தில் பலர் படித்திருப்பார்கள். கதை தெரிந்திருந்தால் கண் வினையைத் தேடும்.

ஆறு வடிவங்களையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். புத்தகத்தில் வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை படர்க்கை ஒருமை. அதிலும் இரு, வைத்திரு என்ற இரண்டு வினைகளின் ஃப்யூவும் யூவும்தான் மீண்டும் மீண்டும் வரும். அவற்றோடு செய் என்பதற்கு ஃபி, எடு என்பதற்கு ப்ரி, வா என்பதற்கு வேன், இயலும் என்பதற்கு ப்யூ. கூரைக்குறியைக் கண்டதும் ‘இது நடந்த செய்தி இல்லை, ஒரு மனத்துக்குள் இருக்கும் செய்தி’ என்று பிடித்துக்கொள்ளப் பழக்குங்கள். ‘யூ’வைத் தொடர்ந்து இன்னொரு வினை வந்தால் ‘நடந்திருக்கும்’, ‘நடந்திருந்தால்’ என்ற பொருளும் வரக்கூடும். பழைய நூல்களில் அது மிக அதிகம். மற்ற ஐந்து வடிவங்களைப் பார்த்தால் இன்னது என்று தெரிந்தால் போதும்.

எழுத்துத் தேர்வில் ஒரு பிள்ளை ஆர்வத்தில் இந்த வடிவத்தைப் போட்டு எழுதிவிட்டால் என்ன செய்வது என்று ஆசிரியர் ஒருவர் உரைக்கு முன் என்னிடம் கேட்டார். சரியாக எழுதியிருந்தால் மதிப்பெண் கொடுங்கள். கூரைக்குறி விட்டுப் போயிருந்தால் சிவப்பு மையில் அந்தக் குறியை மட்டும் போட்டு, அதற்கும் கொடுங்கள். பேச்சுத் தேர்வில் வாயால் சொன்னால் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இன்றைய பேச்சில் நிகழ்கால வடிவம்தான் என்று சொல்லி அனுப்புங்கள். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதே அறிவுரைதான். பி2 நிலை வரை இதை எழுதிக் காட்டும்படி யாரும் கேட்கப் போவதில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பலகையில் எழுதியிருக்கும் அட்டவணை அப்படியே இருக்கட்டும். குறித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம்.